முதலில் போன், பிறகு சாவி

பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வெளிநாடு போய், அங்கே வாடகை வண்டி ஓட்டத் திட்டமிட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

லண்டனில் கார் எடுத்து ஸ்காட்லாந்து வரை ஒரு சுற்று, கலிபோர்னியாவில் மகள் வீட்டிலிருந்து கடலோரச் சாலையில் இரண்டு நாள், வியட்நாமின் வடக்கு மலைகளில் பைக் பயணம் என்று உங்களில் ஒவ்வொருவரிடமும் ஒரு திட்டம் இருக்கும். விசா, டிக்கெட், ஓட்டல் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் அலசிப் பார்ப்போம். வண்டி ஓட்டுவதைப் பற்றி மட்டும் யாரும் அவ்வளவு யோசிப்பதில்லை. சில்க் போர்டிலும் ஹெப்பாளிலும் ஓட்டியவர்களுக்கு உலகத்தில் எந்த ரோடும் கஷ்டமில்லை என்ற நம்பிக்கை நமக்குள் ஊறியிருக்கிறது. அந்த நம்பிக்கையை, குறிப்பாக அதில் நம் கைப்பேசிக்கு இருக்கும் பங்கை, கொஞ்சம் சோதித்துப் பார்க்கத்தான் இந்த மடல். நான் சொல்ல வருவது இதுதான்: வெளிநாட்டில் போன் செய்ய வேண்டிய வேலை அனைத்தையும் சக்கரம் உருளும் முன்பே முடித்துவிட வேண்டும், உருண்டபின் அது ஓட்டுநரின் கையில் இருக்கக் கூடாது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை.

நம் திறமையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நாலா பக்கமும் இடைவெளி தேடி நுழையும் ஸ்கூட்டர்களையும், இன்டிகேட்டர் போடாமல் திரும்பும் ஆட்டோக்களையும், எதிர்த்திசையில் வரும் டெலிவரி பையன்களையும் ஒரே நேரத்தில் கணித்து ஓட்டுவது லேசான காரியமல்ல. ஆனால் அந்தத் திறமை எந்த வேகத்தில் உருவானது என்று பார்க்க வேண்டும். டாம்டாம் நிறுவனத்தின் 2022 கணக்குப்படி பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. அதாவது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். இந்த வேகத்தில் இரண்டு விநாடி போனைக் குனிந்து பார்த்தால் வண்டி 11 மீட்டர் நகர்ந்திருக்கும். முன்னால் இருப்பவரும் ஊர்ந்துகொண்டிருப்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் ஒரு ஹாரனும் ஒரு முறைப்பும் வரும். அதே இரண்டு விநாடி, 120 கிலோமீட்டர் வேகத்தில், 67 மீட்டர். ஒரு தெருவின் பாதி நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்குச் சமம். வெளிநாட்டில் ரோடு காலியாக, வழவழப்பாக இருக்கிறது என்று நாம் வியக்கிறோமே, அந்தக் காலியும் வழவழப்பும்தான் போனை எடுக்கத் தூண்டுவதும். நெரிசலில் நம்மைக் காப்பாற்றிய பழக்கம் வேகத்தில் காப்பாற்றாது. மேலும், நம் ஊரில் எதிரில் வருபவர் தப்பு செய்வார் என்று எதிர்பார்த்தே எல்லோரும் ஓட்டுகிறோம். அங்கே எதிரில் வருபவர், நீங்கள் தப்பு செய்ய மாட்டீர்கள் என்று நம்பி ஓட்டுகிறார். உங்கள் தடுமாற்றத்துக்கு அவர் தயாராக இருக்க மாட்டார்.

“கையில் எடுக்க மாட்டேன், புளூடூத்தில் பேசிக்கொள்வேன், அது சட்டப்படி சரிதானே?” என்று கேட்பீர்கள். பல நாடுகளில் சட்டப்படி சரிதான். ஆனால் சட்டம் ஒரு விஷயத்தை அனுமதிக்கிறது என்பதாலேயே மூளையும் அதைச் சமாளித்துவிடும் என்று ஆகாது. 1997-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இரு கனடிய ஆய்வாளர்கள், விபத்தில் சிக்கிய, போன் வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து எழுதினார்கள். போன் பேசும் நேரத்தில் மோதலுக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டார்கள். கையில் பிடிக்காத போனும் குறிப்பிடத்தக்க பாதுகாப்பு எதையும் தரவில்லை. 2006-இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரேயர் குழு, போன் பேசி ஓட்டுபவர்களையும் சட்ட வரம்பளவு மது குடித்து ஓட்டுபவர்களையும் மாதிரி ஓட்டுக் கருவியில் ஒப்பிட்டது. பேசியவர்களின் தடுமாற்றம் குடித்தவர்களுடையதற்குக் குறைந்ததாக இல்லை. கண் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் மனம் பேச்சில் இருந்தால் பார்த்தது பதிவதில்லை. பழகிய ரோட்டிலேயே இந்த நிலை என்றால், ரவுண்டானாவில் எந்த லேன் என்றும், பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்றும் மூளை ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் புது ஊரில் சேலத்து மாமியாரின் நலம் விசாரிப்பை அதன்மேல் ஏற்றுவது நியாயமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவர் ரோட்டைப் பார்த்துத் தானே பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்கு அது தெரியாது.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. “பேச மாட்டேன் சரி, மேப் பார்க்காமல் எப்படிப் போவது?” இங்கேதான் நம் ஊர்ச் சட்டமும் பிற நாட்டுச் சட்டமும் நேர் எதிராக நிற்கின்றன. 2020 அக்டோபரிலிருந்து நம் மத்திய மோட்டார் வாகன விதிகள், வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் கெடாத வகையில், கைக்கருவியைப் பயன்படுத்தலாம் என்று இடம் கொடுக்கின்றன. கலிபோர்னியாவிலோ, ஒருவர் கையில் போனைப் பிடித்தபடி மேப்பை மட்டும் பார்த்தார் என்ற வழக்கில், 2025 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதுவும் குற்றமே என்று தீர்ப்பளித்தது. பிரிட்டனில் 2022 மார்ச் 25 முதல் விதி இறுகிவிட்டது: போட்டோ எடுப்பது, பாட்டு மாற்றுவது, திரையைத் தள்ளுவது எல்லாமே குற்றம், 200 பவுண்டு அபராதம், ஆறு புள்ளிகள். சிவப்பு விளக்கில் நின்றாலும் இதே கதி. வண்டி நின்றதும் இஞ்சின் தானாக அணையும் புதுக் கார்களில் அணைந்திருந்தாலும் இதே கதி. பிரான்சில் 2015 முதல் காதில் இயர்போன் செருகியிருப்பதே குற்றம். சிங்கப்பூரில் ஓடும் வண்டியில் போனைக் கையில் பிடித்திருந்தாலே போதும், பேசினீர்களா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. அமீரகத்தில் 800 திர்ஹாம் அபராதம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2019 டிசம்பரிலேயே, கண்ணாடி வழியாக ஓட்டுநரின் மடியைப் படமெடுக்கும் கேமராக்களை நிறுவிவிட்டது. சிக்னலில் 90 விநாடி காத்திருக்கும்போது வாட்ஸ்அப்பைத் திறப்பது நமக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. விமானம் ஏறும் முன்பே கைவிட வேண்டிய பழக்கம் அதுதான்.

மேப் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாமல் போக முடியாது. ஆனால் மேப்பைப் பார்ப்பவரும் வண்டி ஓட்டுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். முன் சீட்டில் இருப்பவர் செல்பி எடுப்பதைத் தள்ளிவைத்துவிட்டு வழி சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். தனியாக ஓட்டுவதானால், கிளம்பும் முன்பே சேருமிடத்தைப் பதிந்து, போனை அசையாதபடி மாட்டி, குரலை மட்டும் கேட்க வேண்டும். திருப்பம் தவறினால் தவறட்டும்; அடுத்த வெளியேறும் வழி வரை போய்த் திரும்பலாம். அவுட்டர் ரிங் ரோட்டில் பத்தடி பின்னால் எடுத்துச் சரிசெய்துகொள்வோமே, அந்த வேலை மோட்டார்வேயில் உயிரைக் கேட்கும். போகும் பகுதியின் மேப்பை வைஃபையில் இருக்கும்போதே போனுக்குள் இறக்கி வைத்துக்கொண்டால், மலைப்பகுதியில் சிக்னல் போனாலும் பதற்றமில்லை. தென் கொரியாவுக்குப் போகிறவர்கள் கூகுள் மேப்பை நம்பிப் போகக் கூடாது. அங்கே அது பல ஆண்டுகளாகக் கார் வழி சொன்னதில்லை. நேவர், காக்காவ் என்ற உள்ளூர்ச் செயலிகள்தான். இத்தாலியில் மேப்பே உங்களை மாட்டிவிடவும் கூடும். புளோரன்ஸ், ரோம், பிசா போன்ற ஊர்களின் பழைய நகர்ப்பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகலாம், இதை இசட்.டி.எல். என்பார்கள். எல்லையில் தடுப்போ காவலரோ இருக்காது, ஒரு பலகையும் ஒரு கேமராவும்தான். ஓட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால், முந்தின நாளே அவர்களுக்கு எழுதி, உங்கள் வண்டி எண்ணுக்கு அனுமதி வாங்கித் தருவார்களா என்று கேட்டுவிடுவதே வழி. சொல்லப்போனால், அந்த ஊர்களுக்குக் காரே தேவையில்லை. ரயிலில் போய் இறங்கி நடந்தால் போதும். காரைக் கிராமப்புறத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போனை நம்பி ஏமாறக்கூடிய இன்னோர் இடம் ஆவணங்கள். டிஜிலாக்கரிலும் எம்பரிவாஹனிலும் லைசென்ஸைக் காட்டிப் பழகிய நமக்கு, பர்ஸில் அட்டை இருக்கிறதா என்பதே மறந்துவிட்டது. வெளிநாட்டு வாடகைக் கார் கவுன்டரில் திரையைக் காட்டினால் சாவி தர மாட்டார்கள். அசல் அட்டை வேண்டும். பல நாடுகளில் அதோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகமும் வேண்டும். அதை பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ. வழியாகப் பெற வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், ஆயுள் ஒரு வருடம். உங்கள் லைசென்ஸ் அதற்குள் முடிந்தால் இதுவும் முடிந்துவிடும். லைசென்ஸில் இன்னும் சேலம், ஓசூர் முகவரியை வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். கோரமங்களாவுக்கோ கே.ஆர். புரத்துக்கோ விண்ணப்பிக்கும் முன் முகவரி விஷயத்தைச் சரிசெய்துகொள்வது நல்லது. இணையத்தில் டாலரில் விற்கும் “சர்வதேச லைசென்ஸ்” எதையும் வாங்காதீர்கள். அவற்றுக்கு எந்த மதிப்பும் இல்லை.

அந்தப் புத்தகம் கையில் இருந்தால் உலகம் முழுதும் ஓட்டலாம் என்பதும் தவறு. இந்தியா தருவது 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படியான அனுமதி. ஜப்பான் அதை ஏற்கும். வியட்நாம் 1968 வியன்னா உடன்படிக்கையின்படியானதை மட்டுமே ஏற்கும். சீனா எதையுமே ஏற்காது. வியட்நாமின் மலைச்சுற்றுப் பாதையில் பைக் ஓட்டும் நம் ஆட்களின் வீடியோக்கள் எத்தனை வந்தாலும், அந்த பைக்கில் அவர்கள் லைசென்ஸ் இல்லாதவர்களே. வாடகைக்குக் கொடுப்பவர் கேட்பதில்லை, சரி. ஆனால் விழுந்து கால் முறிந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதால் வந்த காயத்துக்குப் பணம் தர வேண்டியதில்லை என்று பல பாலிசிகளில் தெளிவாக எழுதியிருக்கிறது. பாலியிலும் புக்கெட்டிலும் ஸ்கூட்டர் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: அனுமதிப் புத்தகத்தில் இரு சக்கர வண்டிக்கு உரிய ஏ பிரிவில் முத்திரை இருக்க வேண்டும். கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு அது கிடைக்காது. வியட்நாமில் வழிகாட்டியோடு பின்னால் உட்கார்ந்து போகலாம், மலை அப்போதும் அதே மலைதான்.

சிம் விஷயத்தில் நாம் செய்யும் பொதுவான தவறு, இந்திய சிம்மைக் கழற்றிப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைப்பது. வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். கிளம்பும் முன் ரோமிங்கை இயக்கி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, அந்த சிம்மைப் போனிலேயே விட்டுவைத்துவிட்டு, மேப்புக்கும் இணையத்துக்கும் உள்ளூர் சிம்மோ இ-சிம்மோ போட்டுக்கொள்வது வசதி. பயண இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டாவுக்கு மட்டுமே. அழைக்க எண் இருக்காது. நடுவழியில் டயர் வெடித்தால் வாடகை நிறுவனம் உங்களைத் திரும்ப அழைக்க ஓர் எண் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது. கணவர் ஒரு மாலிலும் மனைவி இன்னொரு மாலிலும் நின்றுகொண்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டாம். கார்டுகளையும் வீட்டிலேயே பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 மார்ச் விதிக்குப் பின், வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே இயக்கினால்தான் அது நடக்கும். வாடகைக் காருக்கு, ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். மச்சான் கார்டு செல்லாது, யு.பி.ஐ.யும் செல்லாது. அமெரிக்க பெட்ரோல் பங்க்கில் இயந்திரம் அந்த ஊர் அஞ்சல் குறியீட்டைக் கேட்டுத் திணறவைக்கும். கடைக்குள் போய் முன்பணம் கட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஃபாஸ்டேக் தானே கழித்துக்கொள்ளும் என்று பழகியவர்களுக்கு இன்னொன்று: லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸைக் கடக்கும் டார்ட்ஃபோர்டில் சுங்கச்சாவடியே கிடையாது. கடந்த மறுநாள் நள்ளிரவுக்குள் நீங்களாக இணையத்தில் கட்ட வேண்டும். அன்று இரவு அறைக்குப் போனதும் செய்துவிடுங்கள், போனுக்கு அதுதான் நேரம்.

வலப்பக்க ஓட்டத்தைப் பற்றி நான் கவலைப்படுவது நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல. போக்குவரத்து நிறைந்த சாலையில் முன்னால் போகிற வண்டியே உங்களைச் சரியான பக்கத்தில் இழுத்துச் செல்லும். ஆபத்து, விடியற்காலை ஆளில்லாத பார்க்கிங்கிலிருந்தும் பெட்ரோல் பங்க்கிலிருந்தும் வெளியே வரும் கணத்தில். யாரும் இல்லாத ரோட்டில் கை தானாக இடப்பக்கம் போகும். அந்தக் கணத்தில்தான் ஓட்டுநர் வழியையும் போனில் தட்டிக்கொண்டிருப்பார். இன்டிகேட்டர் போடப் போய் வைப்பர் ஓடுவதைப் பற்றிச் சிரித்துக்கொள்ளலாம், அது உயிரை எடுக்காது. விளக்கை மின்னவைப்பது எடுக்கக்கூடும். நம் ஊரில் அதற்கு “நான் வருகிறேன், நில்” என்று பொருள். பிரிட்டனில் பெரும்பாலான ஓட்டுநர்கள் “நீங்கள் போங்கள்” என்று சொல்வதற்கு மின்னவைக்கிறார்கள். பத்து மணி நேரம் பறந்து இறங்கிய கையோடு கார் எடுப்பதையும் விட்டுவிடுங்கள். முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினால் ஆகும் செலவு, சேதமான வாடகைக் காருக்கு ஆகும் செலவில் ஒரு துளி.

அமெரிக்காவில் போலீஸ் பின்னால் வந்து விளக்கைச் சுழற்றினால் நம் பழக்கம் நேர் எதிரானது. இங்கே இறங்கி, பேப்பர்களை எடுத்துக்கொண்டு, “சார்” என்று அவரிடம் நாமே போகிறோம். அங்கே அப்படி இறங்கி நடப்பதை மிரட்டலாக எடுத்துக்கொள்வார்கள். வண்டியை ஓரம் கட்டி, உள்ளேயே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வைத்திருக்க வேண்டும். லைசென்ஸையோ போனையோ எடுக்க, கேட்டபின் சொல்லிவிட்டுத்தான் கையை அசைக்க வேண்டும். விபத்தானால் ஐரோப்பாவில் 112, அமெரிக்காவில் 911, ஆஸ்திரேலியாவில் 000. இந்த எண்களைப் போனில் சேமிப்பதைவிடக் காரில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்துவிடுவது மேல்.

“எப்படியும் ஒரு வாரத்தில் திரும்பிவிடுவோம், அபராத நோட்டீஸ் நம்மைத் தேடி ஒயிட்பீல்டு வரை வருமா?” என்பது யாரும் வாய்விட்டுக் கேட்காத, ஆனால் பலர் மனத்தில் இருக்கும் கடைசி மறுப்பு. வரும். வண்டி வாடகை நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. நோட்டீஸ் முதலில் அவர்களுக்குப் போகும். அவர்கள் உங்கள் பெயர், முகவரியைக் கொடுத்துவிட்டு, அதைக் கொடுத்ததற்கே ஒரு கட்டணத்தை உங்கள் கார்டில் எடுப்பார்கள். அபராதம் பிறகு தனியாக, சில சமயம் மாதங்கள் கழித்து வரும். பிரிட்டிஷ் விசா விண்ணப்பத்தில் ஓட்டுநர் குற்றத் தண்டனைகளைப் பற்றித் தனியாகவே கேட்கிறார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். ஆகவே ஒப்பந்தப் பிரதி, வண்டி எண், எடுத்த நேரம், திருப்பிய நேரம், திருப்பும்போது எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரு வருடமாவது அழிக்காதீர்கள். உங்கள் தவறில்லை என்றால் அவற்றை வைத்துத்தான் எதிர்க்க முடியும். தவறு என்றால், இங்கே போல் காத்திருக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு நிலுவை அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தபோது பெங்களூரில் ஒன்பது நாளில் 100 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது; பொறுத்திருந்தவருக்கே லாபம் என்று அன்று ஊரே கற்றுக்கொண்டது. அங்கே தள்ளுபடி முந்திக்கொள்பவருக்குத்தான்: இங்கிலாந்து நகராட்சிகளின் பார்க்கிங் அபராதம் 14 நாளுக்குள் கட்டினால் பாதி, இத்தாலியில் பெரும்பாலான போக்குவரத்து அபராதங்கள் ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறைவு. நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே தேதியைப் பார்த்து, அதிகாரபூர்வத் தளத்தில்தான் இருக்கிறோமா என்று உறுதி செய்துகொண்டு, கட்டிவிட்டு ரசீதைச் சேமித்துக்கொள்ளுங்கள்.